சின்னத்தொரைக்கு முழுப் பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மற்ற வீட்டு ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீவி முன்னால் உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுச் சீன ராஜாக்களுக்குப் பெரட்டு வைப்பார்.

தோட்டத்தில் விடியக்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்ன இன்ன மலைக்குப் போ என்று அனுப்புவதுதான் பெரட்டு. என் வீட்டுக்காரர் ஞானசீலன் ஒரு நாளும் கொழுந்துக் கூடையைத் தொட்டவரில்லை. பதுளை ஸ்டேஷனில் டிக்கட் கொடுத்தும் பார்சல் எழுதியும் முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் இருந்து பென்ஷன் எடுத்தவர். பெரட்டு என்ற சொல்லையே என் வாயிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டார். நான்தான் தோட்டத்துக்காரி. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை.

ராஜாக்கள் இருப்பது ஒரு பலகைப் பெட்டியில். அப்புத்தளையில் தச்சுவேலை செய்கிற அவருடைய தங்கை மகன் ஜூட் செய்து கொடுத்தது. உள்ளே வட்ட வட்டமாகப் பத்துக் குழிகள். சீனாவைக் கடைசியாக ஆண்ட பரம்பரையில் பத்து ராஜாக்கள், இருநூற்று அறுபத்தெட்டு வருஷம். ஆளுக்கொரு காசு. எல்லாம் நடுவில் சதுர ஓட்டை போட்டவை. ஓட்டையைச் சுற்றி நான்கு எழுத்து இருக்கும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருப்பவற்றைச் சேர்த்துப் படித்தால் அந்த ராஜாவின் ஆட்சிப் பேர்.

அந்தப் பேர்களை அவர் சொல்லக் கேட்டால் எனக்குத் தும்மல் வந்துவிடும். அதனால் நானே ஆளுக்கொரு பேர் வைத்தேன். அறுபத்தொரு வருஷம் ஆண்டவர் பெரிய தொரை. அவருடைய பேரன் அறுபது வருஷம் ஆண்டவர், அவர் பெரிய கங்காணி. கடைசி ராஜாவுக்கு முடி சூட்டும்போது வயது மூன்று கூட ஆகவில்லையாம். காசும் அதற்கேற்ற மாதிரி எல்லாவற்றிலும் சின்னது. அவன் பிள்ளைக்காம்பராப் பையன். பெரட்டில் அவன் முறை வரும்போது பதில் சொல்ல அவனுக்குப் பேச்சு வராது என்பதால் குசினிக்குள் இருந்து நான்தான் “வந்துட்டேன்” என்பேன். இந்தச் சீனத்துக் கூத்தை நான் கண்டபடி திட்டுவேன் என்பது தெருவுக்கே தெரியும். இப்படிப் பதில் சொல்வது மட்டும் யாருக்கும் தெரியாது.

பெரிய தொரைக்கும் பெரிய கங்காணிக்கும் நடுவில் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு மகன், மகனுக்கு அப்பா, ஆண்டது வெறும் பதின்மூன்று வருஷம். அவர்தான் சின்னத்தொரை. யோங்செங் என்பது அவருடைய ஆட்சிப் பேர். அவருடைய குழி மட்டும் காலி. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டுக்காரர் மூன்றாவதாக “சின்னத்தொரை” என்று கூப்பிடுவார், சற்று நிற்பார், பிறகு “ஆள் இல்ல” என்பார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எல்லவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்த சீனத்துப் பெண் ஒருத்தி ரயிலில் பையை மறந்துவிட்டுப் போக, இவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார். அவள் சிவப்பு நூலில் கட்டியிருந்த காசொன்றைக் கழற்றிக் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் பெரிய தொரை. அந்த உற்சாகத்தில் கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போனால் காசு துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. செம்பு எங்காவது காந்தத்தில் ஒட்டுமா? மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனுஷன்.

அன்றிலிருந்து ஒரு கொள்கை. வாங்குவது கிடையாது, மாத்துவது மட்டும்தான். பழைய இலங்கைச் சதம், முத்திரை, பழைய ரயில் டிக்கட் எல்லாம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும், அங்கிருந்து ராஜாக்கள் வருவார்கள். “காசு குடுத்துக் காசு வாங்குறதுல என்ன இருக்கு? ஒண்ணக் குடுத்து ஒண்ண எடுக்கணும், ரெண்டு பேருக்கும் சந்தோசமா இருக்கணும்” என்பார். அந்த மாத்து என்ற சொல்தான் எங்களை மாட்டிவிடப் பார்த்தது.

போன வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் பொன்னையா மச்சானின் மகன் ரஜீவ் வாட்ஸப்பில் படம் போட்டிருந்தான். பொன்னையாவின் பெண்சாதி ஜெயலெட்சுமி என்னோடு பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லாத குறையைத் தீர்த்தவள். அதனால் பொன்னையாவும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் சகலை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் ரோதை, அதாவது மெஷின்களையெல்லாம் சுற்றவைத்த பெரிய சக்கரம், பொன்னையாவின் அப்பா பொறுப்பிலும் பிறகு பொன்னையா பொறுப்பிலும் இருந்தது. ரோதைக்குக் காவல் நிற்கிற சாமி ரோதைமுனி. இப்போது எல்லாம் கரண்டில் ஓடுகிறது, ரோதையைக் கழற்றிப் பழைய இரும்புக்கு ஏற்றிப் பல காலமாகிறது. முனியை யாரும் ஏற்றவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் சூலமாக நிற்கிறார். பொன்னையாதான் பூசாரி.

ரஜீவ் போட்ட படத்தில் சூலத்தின் நடு முள்ளில் செம்புக் கம்பியால் ஏதோ கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் போனில் அதை இழுத்துப் பெரிதாக்கினார். சதுர ஓட்டை. ஓட்டைக்குக் கீழே உடைந்த நாற்காலி மாதிரி ஓர் எழுத்து. “பிரான்சிஸ்கா” என்று கூப்பிட்டார். குரலே சரியில்லை. நெஞ்சு வலிதான் வந்துவிட்டது என்று நான் மாக்கையோடு ஓடினேன்.

“சின்னத்தொரை பூனாகலையில இருக்காரு.”

உடனே பொன்னையாவுக்குப் போன் போட்டு, சும்மா கேட்கிறவர் மாதிரி சூலத்தில் இருப்பது என்ன என்று கேட்டார். பொன்னையா பெருமையாகச் சொன்னார்.

“அதுங்களா சகலை, மொத ரோதையோட வாசருங்க. எம்பது வருசத்துக்கு முந்தி அப்பா ரோதைக்கு அடியில கூட்டும்போது கெடந்துச்சாம். எழுத்துகூட இருக்கும் பாருங்க, சீமையில ரோதை செஞ்ச கம்பெனியோட பேரு. ரோதை போனாலும் வாசர் நிக்குதே, அதுலதான் முனி இருக்காரு.”

ரோதைக்கு அடியில் வட்டமாக ஓர் உலோகம், நடுவில் ஓட்டை. வாசர் என்றுதான் நினைக்கத் தோன்றும். நான் கூட்டியிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“கேட்டுப் பாருங்களேன்” என்றேன்.

“சாமி சொத்த எப்படிக் கேக்குறது? குடுக்கவும் மாட்டாரு. கேட்டா சங்கடம்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு தோறும் மூன்றாவது குழியில் அவர் நிற்கிற நேரம் மட்டும் நீண்டுகொண்டே போனது.

இந்த வருஷம் ஆயுத பூசைக்கு ஜெயலெட்சுமி எங்களைக் கூப்பிட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் நான் பஜாரில் முஷ்ரிபாவின் ஹாட்வெயார் கடைக்குக் குழாய்க்கு வளையம் வாங்கப் போனேன். அவள் வாப்பாவோடு கடையைப் பார்க்கிறவள், கலகலப்பான பிள்ளை.

“அன்ட்டி, அங்கிளுக்கு அந்த வாசர் சரிவந்துச்சா?”

“எந்த வாசர்?”

“பித்தளையில சதுர ஓட்டை வச்ச வாசர் கேட்டாரே. சைஸ் கூட தாள்ல வரைஞ்சு கொண்டு வந்தாரு. எங்கிட்ட வட்ட ஓட்டைதான் இருந்துச்சு, வாப்பா அரத்தால ராவிக் குடுத்தாங்க. ரொம்ப மினுங்குது, உப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் கறுக்க வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.”

நான் வளையத்தை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். சதுர ஓட்டை, அளந்த சைஸ், கறுக்க வைப்பது. விளங்காமல் போக நான் என்ன சின்னப்பிள்ளையா? எல்லாரும் வாசர் என்று நம்புகிற இடத்தில் ஒரு வாசரைக் கட்டிவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு வந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. பொன்னையா சாகும்வரை அதற்கு விளக்கு வைப்பார். இவர் மனசுக்குள் அதற்கும் மாத்து என்றுதான் பேர் வைத்திருப்பார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுப்பதுதானே.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கோபத்தை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. மிச்சக் காசு ஐம்பது ரூபாயை வாங்காமல் போன பயணியைத் தேடி, ரயில் கிளம்பும்போது பெட்டி பெட்டியாக ஓடியவர் இந்த மனுஷன். அதைப் பார்த்துத்தான் எங்கப்பா இவருக்கு என்னைக் கொடுத்தார். முப்பத்துநாலு வருஷம் அந்த மனுஷனோடுதான் வாழ்ந்தேன் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லலாம், அல்லது உண்மையைச் சொல்லலாம். இரண்டையும் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அன்றைக்கு ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டேன். அவர் இருமிக்கொண்டே குடித்து முடித்தார்.

பயணத்துக்கு முதல் நாள் அவருடைய சாம்பல் நிறக் கால்சட்டைக்கு இஸ்திரி போடும்போது பையில் தட்டுப்பட்டது. பழைய டிக்கட் தாளில் சுற்றிய வாசர், நன்றாகக் கறுத்துப் போயிருந்தது. எடுத்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடலாம் என்று கதவு வரை போனேன். போட்டால் எல்லாம் அத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் என்னோடு இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. திரும்பி வந்து தாளைச் சுற்றி, பையிலேயே போட்டுவிட்டேன்.

காலையில் பண்டாரவளை பஸ், அங்கிருந்து பூனாகலை பஸ். மடியில் வாழைப்பழச் சீப்பும் ஊதுபத்திப் பெட்டியும். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நடத்துனருக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்த பிறகு முகம் இன்னும் இறுகிப்போனது. நான் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். முனி கோவிலுக்குப் போகிற வழியில் மாதாவிடம் புருஷனுக்காக மன்றாடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்டோர் வாசலிலேயே ஜெயலெட்சுமி பிடித்துக்கொண்டாள். “என்னக்கா இது, பாதியா வந்திருக்கீங்க. டவுனுல சோறு ஆக்குறதில்லையா?” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. உருளைகளுக்கும் அடுப்புக்கும் சந்தனம் குங்குமம். கரண்டு பலகைக்கும் தராசுக்கும் வைத்திருந்தார்கள். ஆபீசில் கணக்குப் பார்க்கிற கல்குலேட்டருக்குக்கூட ஒரு பொட்டு.

பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் பொன்னையா சூலத்தைப் பிடுங்கிச் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் அதைக் கழற்றிப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது வழக்கம். குறட்டால் செம்புக் கம்பியை முறுக்கவிழ்த்து அந்த வட்டத்தை எடுத்தார்.

“சகலை, நீங்க ரயில்வேக்காரரு, பித்தளை வெளக்குறது உங்களுக்குப் பழக்கந்தானே. முனியோட வாசர நீங்களே வெளக்கிக் குடுங்க. நான் எலுமிச்சங்காய் எடுத்துட்டு வாறேன்.”

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். பொன்னையா அந்தப் பக்கம் போய்விட்டார். தண்ணீர்க் குழாயடியில் இவர் மட்டும்தான். பத்தடி தள்ளி நானும் ஜெயலெட்சுமியும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். ஜெயலெட்சுமி மகள் மதுஷாவின் கல்யாணப் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

அவர் புளி வைத்துத் தேய்த்தார். தண்ணீரில் காட்டினார். ஈரத்தைச் சட்டையிலேயே துடைத்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷம் தேடியதைக் கையில் வைத்திருக்கிற மனுஷனின் முகத்தை நான் பார்த்தேன், எனக்கே அழுகை வந்தது. பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு டிக்கட் தாளை எடுத்துப் பிரித்தார். ஓர் உள்ளங்கையில் காசு, மற்றதில் வாசர். அப்படியே நின்றார். என் கையிலிருந்த தேங்காய்மூடி நழுவிக் கீழே போனது.

“சகலை, இங்க கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டார். பொன்னையா எலுமிச்சங்காயோடு வந்தார். பின்னால் ரஜீவ்.

“இது வாசர் இல்ல சகலை. சீனத்துக் காசு. முந்நூறு வருசத்துக்கு முந்தி இருந்த ராசாவோடது. வாசர்னா இதுதான், பதுளை பஜார்ல வாங்குனது. இத சூலத்துல கட்டிட்டு அத எடுத்துட்டுப் போகலாம்னுதான் நான் வந்தேன்.”

ஜெயலெட்சுமி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

“கேட்டா தரமாட்டோம்னு நெனச்சீங்களா மச்சான்?”

“தந்திருப்பீங்களா?”

“தந்திருக்க மாட்டோம். ஆனா கேக்கணும்ல.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா, கேக்கணும்” என்றார். முப்பத்துநாலு வருஷத்தில் நான் அவரை அவ்வளவு நேசித்தது அந்த நிமிஷத்தில்தான். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பொன்னையா இது எதையும் கேட்ட மாதிரியே இல்லை. காசை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்.

“அப்ப இந்த எழுத்து கம்பெனிப் பேரு இல்லையா?”

“ராசாவோட பேரு.”

“ராசான்னா, நம்ம தோட்டத்துப் பெரிய தொரைய விடப் பெரிய ஆளா?”

“சீனா முழுக்க அவரோடது.”

பொன்னையா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். “அப்பா சொல்லியிருக்காரு” என்று மெதுவாக ஆரம்பித்தார். “அந்தக் காலத்துல சீனாக்காரரு ஒருத்தரு துணி மூட்டையத் தூக்கிட்டு லயத்துல வீடு வீடா ஏவாரத்துக்கு வருவாராம். மழை புடிச்சிருச்சுன்னா ஸ்டோர்லதான் ஒதுங்குவாராம். அவருதான் போட்டிருக்கணும். விழுந்ததுன்னா நினைக்கிறீங்க? காணிக்கை சகலை, காணிக்கை. சொந்த ராசாவோட காச நம்ம முனிக்குப் போட்டிருக்காரு.” பிறகு திரும்பி, “டேய் ரஜீவ், வேலைய விட்டுட்டு எல்லாரையும் வரச்சொல்லு” என்றார்.

அரை மணி நேரத்தில் ஸ்டோர் ஆட்கள் எல்லாரும் வந்து காசைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசராக இருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காத பொருள். உண்மையைச் சொன்னால் ஒருவேளை பொன்னையாவுக்கு அதன் மேல் பற்று விட்டுப்போகும், அவரே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று என் வீட்டுக்காரர் மனசின் ஓரத்தில் ஆசை வைத்திருந்தாரோ என்னவோ. வைத்திருந்தால் அது அங்கேயே அவிந்து போயிருக்கும். சீனத்து ராஜாவே காணிக்கை கட்டிய முனியை இனி யார் நெருங்க முடியும்?

“ராசா பேரச் சரியாப் படிங்க சகலை, பூசையில சொல்லணும்” என்றார் பொன்னையா.

“யோங்செங். ஆனா மேல இருக்குற எழுத்தக் கம்பி தேச்சுத் தேச்சு அழிச்சிருச்சு. கீழ இருக்குறது மட்டும்தான் தெரியுது. பாதிப் பேருதான் மிச்சம்.”

“அரைப் பேரா?” பொன்னையாவின் முகம் மாறியது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பறித்த கொழுந்து நிறைக்குக் காணாவிட்டால் பாதி நாள்தான் எழுதுவார்கள், அதற்கு அரைப் பேர் என்று பெயர். நாள் முழுக்க மழையில் நின்றவளுக்கு அரைப் பேர் போட்டால் எப்படியிருக்கும் என்று எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

“எம்பது வருசமா ஒரு நாள் நிக்காம முனிக்குக் காவல் இருந்திருக்காரு. மழையில வேற. அவருக்கு அரைப் பேரா? முழுப் பேராப் போடுங்க சகலை.”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பஸ் ஏறியதிலிருந்து அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

பூசையில் பொன்னையா சுருட்டு, பொங்கல், கடலை எல்லாம் படைத்து, முன்னோர் பேர்களைச் சொல்லி, கடைசியில் “யோகசிங்கம் ராசா காணிக்கை” என்று கணீரென்று முடித்தார். சீனத்துப் பேர் அவர் வாயில் அப்படித்தான் வந்தது. பதுளையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர் பேர் மாதிரி இருந்தது. யாரும் திருத்தவில்லை. இவரும் திருத்தவில்லை.

அதோடு முடிந்ததா? சூலத்தில் காசைக் கட்டும்போது பொன்னையா கையை நீட்டினார். “அந்த வாசரையும் தாங்க. மொத ரோதைக்கு இப்ப வாசர் இல்லாமப் போச்சே.” முஷ்ரிபாவின் வாப்பா அரத்தால் ராவிய வாசரும் முனிக்குப் போய்ச் சேர்ந்தது. மாத்தி எடுக்க வந்த மனுஷன் இரண்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பதிலுக்கு ஜெயலெட்சுமி ஒரு வாளிப் பொங்கலும் இரண்டு கிலோ தேயிலையும் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நானே வாயைத் திறந்தேன். “முஷ்ரிபா சொல்லிட்டா. எனக்கு முந்தியே தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். நான் வாசர வலது பையில வச்சேன். காலையில பஸ்ல சில்லறை எடுக்கும்போது இடது பையில இருந்துச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கோபம் வந்தது. “அப்ப எனக்குப் பயந்துதான் சொன்னீங்களா?”

“அதுவும்தான்” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “பயம்னா பஸ்லயே வெளிய வீசியிருப்பேன். காச கையில வாங்குனதும் நான் என்ன செய்வேன்னு எனக்கும் தெரியணும்ல. வாங்கிப் பாத்தேன். எடுத்துட்டு வந்தா ஞாயித்துக்கிழமை பேர் கூப்பிடுறப்பல்லாம் சகலையோட மொகந்தான் வரும்னு பட்டுச்சு. அப்புறம் எப்படிக் கூப்புடுறது?”

கக்கூஸ் கதவு வரை போய்த் திரும்பியவள்தானே நானும். அவர் தோளில் சாய்ந்து பண்டாரவளை வரை தூங்கிவிட்டேன். பொங்கல் வாளி மடியில் சூடாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போல மேசையைத் துடைத்தார். பெட்டியைத் திறந்தார். நான் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். முதல் ராஜா வந்தார். பெரிய தொரை வந்தார். மூன்றாவது குழிக்கு வந்ததும் சத்தம் நின்றது. ஆறு வருஷமாக நிற்கிற அதே இடம்தான்.

“சின்னத்தொரை” என்று கூப்பிட்டார்.

அவர் “ஆள் இல்ல” என்று சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஸ்டோர் வேலைக்குப் போயிருக்காரு. முழுப் பேர் போடுங்க.”

“போட்டாச்சு” என்றார். குரல் இறங்கவில்லை. பெரிய கங்காணியைக் கூப்பிட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டார், ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பிள்ளைக்காம்பராப் பையனின் முறை வந்தபோது வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நான் “வந்துட்டேன்” என்றேன்.

“பத்துப் பேரும் சரி” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடினார்.